டப்பாவைத் திருப்புங்கள், பெற்றோரே!

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களும் என்மேல் கோபப்படலாம், தப்பில்லை. பிள்ளை விஷயத்தில் ஒருவரையொருவர் கடிந்துகொள்ளும் உரிமை ஒரே ஊர்க்காரர்களான நமக்குள் இல்லாமல் போகுமா?

நம் திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் ஒரு மனை வாங்குவதென்றால் நாம் படுத்துகிற பாடு புரோக்கர்களுக்குத்தான் தெரியும். மூலப்பத்திரம் எங்கே என்போம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுக் கொடு என்போம். பட்டா யார் பேரில், அப்ரூவல் உண்டா, ஏரிப் புறம்போக்கை ஒட்டி வருகிறதா, ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று குடைவோம். வழவழப்பான கலர் நோட்டீஸை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெரிந்த சர்வேயரைக் கூட்டிப்போய்க் கல்லுக்குக் கல் அளந்து பார்ப்போம். சொந்த மச்சான் விற்றாலும் வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்க மாட்டோம். அத்தனையும் நியாயம்.

அதே நாம், மாதச் சாமான் வாங்கும்போது பிள்ளைக்கென்று ஒரு டப்பாவை எடுத்துக் கூடையில் போடுகிறோமே, அதற்கு என்ன வில்லங்கம் பார்த்தோம்? முன்பக்கத்தில் ஒரு பையன் தாவிக் குதிக்கிறான், எலும்பு வளர்கிறது, மூளை பளிச்சிடுகிறது. அவ்வளவுதான் நாம் பார்த்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

டப்பாவின் முன்பக்கத்தை எழுதுகிறவர் விற்பனைக்காரர். பின்பக்கத்தை எழுதவைப்பது சட்டம். முன்பக்கம் ஆசை காட்டும், பின்பக்கம் ஒப்புக்கொள்ளும். பத்திரத்தில் வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கிற ஜனங்களான நாம், பிள்ளையின் வயிற்றுக்குள் போகிற பொருளுக்கு நோட்டீஸை மட்டும் நம்புகிறோம். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். கஷ்டமே இல்லை. சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும், அடுத்தது இரண்டாவதாக. இது விதி. மால்ட் பான டப்பா ஒன்றைத் திருப்பினால் முதலில் தானியச் சாறு, அடுத்த இடத்திலேயே சர்க்கரை என்று இருப்பது சகஜம். கோகோவும் பால் பொருளும் அதற்குப் பின்னால்தான் வரிசைகட்டி நிற்கும். கீழே இறங்க இறங்க மால்டோடெக்ஸ்ட்ரின், லிக்விட் குளுக்கோஸ், கேரமல் நிறம் என்று ஏதாவது எட்டிப் பார்க்கும். விளம்பரத்தில் மூச்சுவிடாமல் சொல்லும் வைட்டமின்கள் பட்டியலின் அடிமட்டத்தில் இருக்கும்.

அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம். 100 கிராமில் எவ்வளவு, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று இரண்டு பத்திகள். ஒரு வேளை என்பது பல டப்பாக்களில் 20 கிராம். நம் வீட்டில் 20 கிராம் அளந்து போடுகிறவர் யார்? கைக்கு வந்தபடி குவித்துப் போடுகிறோம், ‘இன்னும் கொஞ்சம்’ என்று பிள்ளை சிணுங்கினால் இன்னொரு கரண்டி. போதாததற்குத் தனியாகச் சர்க்கரை வேறு. ஆகவே வேளைக் கணக்கை விட்டுவிடுங்கள், 100 கிராம் பத்தியைப் பாருங்கள்.

போர்ன்விட்டா சங்கதி உங்களுக்கு நினைவிருக்கும். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது பாருங்கள் என்று ஒரு வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் அதே மாதம் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. அந்த வருஷம் டிசம்பரில் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 100 கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரையை 32.2 கிராமாகக் குறைத்தது. குறைத்த பிறகும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரைக்கிலோ டப்பாவில் சுமார் 160 கிராம் சேர்த்த சர்க்கரை. நம்ம ரேஷன் கடையில் கிலோ 25 ரூபாய்க்குச் சர்க்கரை போடுகிறார்கள். அந்த விலைக்கு இந்த 160 கிராம் 4 ரூபாய். ரேஷன் கடையில் எடை குறைந்தால் சண்டைக்குப் போகிற நாம், இந்த 4 ரூபாய்ச் சரக்கைச் சத்து என்ற பெயரில் பல மடங்கு விலைக்கு வாங்கி வருகிறோம். எந்தச் சண்டையும் இல்லை.

பிள்ளைக் கணக்கும் பாருங்கள். ஒரு நாள் உணவின் மொத்தச் சக்தியில் இப்படிச் சேர்த்த சர்க்கரை பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரை. நாளுக்கு 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அந்த ஐந்து விழுக்காடு 19 கிராம்கூட வராது. காலையும் மாலையும் ஒவ்வொரு தம்ளர், அளந்தே போட்டாலும் டப்பாவிலிருந்து மட்டும் 13 கிராம். மேலே நாம் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு கோடு தாண்டிவிடும். அதற்கப்புறம்தான் பிஸ்கட், சாக்லேட், சாயங்கால ஜூஸ் எல்லாம்.

2024 ஏப்ரலில் இன்னொரு கூத்து நடந்தது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற ஒரு வகையே நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்று சொல்லி, இணையக் கடைகள் இந்தப் பானங்களை அந்தத் தலைப்பில் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் மத்திய வணிக அமைச்சகமும் அறிவுறுத்தின. அந்த மாதமே ஹிந்துஸ்தான் யூனிலீவர், ஹார்லிக்ஸ் இருக்கும் தன் பிரிவின் பெயரிலிருந்து ‘ஹெல்த்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. விற்கிறவரே அந்தப் பெயரை இறக்கி வைத்துவிட்டார். நாம்தான் இன்னும் கடையில் போய் ‘சத்து பானம் ஒண்ணு குடுங்க’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஹார்லிக்ஸ் நமக்கு வெறும் பானமா என்ன? ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிற எந்த மனிதர் அந்தப் பாட்டிலும் சாத்துக்குடியும் இல்லாமல் போனார்? காய்ச்சல்காரருக்கு அது மருந்து, பிள்ளைத்தாய்ச்சிக்கு அது பலம், பரீட்சைக்காரனுக்கு அது மூளை. ஆனால் இங்கிலாந்தில் அதே பெயரில் விற்கும் பானம், பெரியவர்கள் ராத்திரி தூக்கம் வருவதற்குக் குடிப்பது என்றுதான் பேர்பெற்றது. இங்கே விடிகாலை டியூஷனுக்கு எழுப்பிப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம்! 2008-இல் இந்தப் பானம் பிள்ளைகளை உயரமாக, பலமாக, கூர்மையாக ஆக்கும் என்று சொல்லும் விளம்பரம் ஒரு நேப்பாளி டிவி வழியாக இங்கிலாந்து வீடுகளில் ஓடிவிட்டது. அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, நிரூபணம் போதாது, இனி காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே மாதிரிப் பேச்சை நாம் இங்கே எத்தனை வருஷமாக சீரியலுக்கு நடுவே கேட்டு வளர்ந்தோம், பிள்ளைகளையும் வளர்க்கிறோம்!

உயரம் என்றவுடன் நமக்கு அறிவு எங்கே போகிறதோ தெரியவில்லை. அப்பா ஐந்தடி மூன்று, அம்மா நாலடி பத்து. பையன் மட்டும் டப்பா காலியாகக் காலியாக ஆறடிக்குப் போய்விட வேண்டும். பரம்பரையும் நல்ல சாப்பாடும் தூக்கமும் நோயில்லாத உடம்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. ‘பாலுடன் சேர்த்து’, ‘சரிவிகித உணவின் ஒரு பகுதியாக’ என்று விளம்பரத்தின் ஓரத்தில் மின்னி மறையும் வரியைக் கவனியுங்கள். ஒரு தம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல் புரதமும் நல்ல அளவில் கால்சியமும் ஏற்கெனவே இருக்கின்றன. வேலையைப் பால் செய்கிறது, பேரை டப்பா வாங்கிக்கொள்கிறது.

இதற்குச் சட்டமும் வந்திருக்கிறது. 2022 ஜூன் 9 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஒரு பொருளைச் சாப்பிட்டால் பிள்ளைக்கு அறிவோ உடல் திறனோ கூடும் என்று தக்க ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மீறினால் முதல் தடவை 10 லட்சம், மறுபடி மீறினால் 50 லட்சம் வரை அபராதம். ஆனால் புகார் போனால்தானே விசாரணை? நம்மில் யார் புகார் கொடுத்தோம்?

இனி நீங்கள் சொல்லப்போகும் சமாதானங்களுக்கு வருகிறேன். ஸ்கூல் வேனுக்குக் காத்து நிற்கும்போது நாம் வழக்கமாகப் பேசிக்கொள்பவைதான்.

‘அது போட்டால்தான் அவன் பால் குடிக்கிறான்.’ சரி. அப்படியானால் அது சத்து இல்லை, லஞ்சம். லஞ்சம் என்று தெரிந்து ஒரு ஸ்பூன் கொடுங்கள், யாரும் உங்களைத் தூக்கில் போடப்போவதில்லை. விஷம் என்று நான் சொல்லவே இல்லை, அதில் சேர்க்கும் இரும்பும் வைட்டமினும் பொய்யும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையைச் சுமந்து வரும் அந்தச் சிட்டிகைச் சத்துக்காகக் குடும்ப பட்ஜெட்டில் பெரிய இடம் ஒதுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

‘பக்கத்து வீட்டுப் பிள்ளை குடிக்கிறது, நம்ம பிள்ளை ஏங்கக் கூடாது.’ பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தப் பித்தைக் குறிபார்த்துத்தான் விளம்பரமே எடுக்கிறார்கள். நல்ல அம்மா என்றால் இதை வாங்குவாள் என்று டிவி சொல்கிறது. வாங்காவிட்டால் கெட்ட அம்மாவாகிவிடுவோமோ என்று நாம் பயந்துபோகிறோம்.

‘சாப்பாடே சரியாச் சாப்பிட மாட்டேங்குறா, இதாவது போகட்டும்.’ இரண்டு தம்ளர் இனிப்புப் பாலும் நாலு பிஸ்கட்டும் வயிற்றில் இருந்தால் எந்தப் பிள்ளைக்குப் பசிக்கும்? நீங்கள் கொடுக்கிற மருந்தேதான் நீங்கள் சொல்கிற வியாதி.

இவ்வளவும் பணமும் பல்லும் கெடுகிற விஷயம். உயிருக்கே வினையாகக்கூடிய ஒன்று இருக்கிறது, அங்கே நாம் காட்டும் அசட்டைக்கு மன்னிப்பே கிடையாது.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சொல்கிறேன். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா கொத்துக்கொத்தாக ஆளைக் கொன்றது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளவாகத் தண்ணீரில் கரைத்து, வீட்டார் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கவைத்தார். 30 விழுக்காடாக இருந்த சாவு 4-க்கும் கீழே வந்தது. அவருக்கு 2023-இல், இறந்த பிறகு, பத்ம விபூஷண் கொடுத்தார்கள். அந்த வைத்தியத்தின் உயிரே அளவில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். குடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரை கூடிவிட்டால் கதை தலைகீழ். உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்கு வந்து, போக்கு இன்னும் அதிகமாகும்.

இப்போது நம்ம ஊரை நினைத்துப் பாருங்கள். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி வருகிறோம், பிள்ளைகளும் கூட நடக்கிறார்கள். வழியில் கண்டதையும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மறுநாள் வயிற்றைக் கலக்குகிறது. மருந்துக் கடையில் ‘ஓ.ஆர்.எஸ். குடுங்க’ என்று கேட்டால், பல வருஷமாக என்ன வந்தது? பழப்படம் போட்ட அட்டைப் பாக்கெட், உள்ளே ஆரஞ்சோ ஆப்பிளோ ருசிக்கும் தித்திப்புத் தண்ணீர். பெயரில் மட்டும் அந்த மூன்றெழுத்து. சிலவற்றில் சர்க்கரை, உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைப் போலப் பல மடங்கு. ‘இது அந்த நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல’ என்ற வரி பாக்கெட்டின் மேலேயே அச்சாகியிருந்தது. படித்தவர் யார்?

ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்காக இதற்காகப் போராடினார். 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. ஜூலையிலேயே, மறுப்பு வரி ஒன்றை அச்சிட்டால் போதும் என்று விட்டுக்கொடுத்தது. கடைசியில் 2025 அக்டோபர் 14 அன்று, உரிய அளவில் இல்லாத எந்தப் பானமும் பெயரில் முன்னாலோ பின்னாலோ எங்கேயும் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு தாய்கூட ஏமாறக் கூடாது என்று ஒரு மருத்துவர் தெருவில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. நாம் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. பொடிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள், உலக சுகாதார நிறுவன அளவு என்று அதில் இருக்கிறதா பாருங்கள், ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரிலேயே கரையுங்கள். பாதித் தம்ளரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் இலவசம். இலவசம் என்பதாலேயே அது மட்டம், காசு கொடுத்து வாங்கிய தித்திப்புத் தண்ணீர் உசத்தி என்று நினைக்கிறோமே, அதை என்ன சொல்வது?

இந்த வியாதி கைக்குழந்தையிலிருந்தே ஆரம்பிக்கிறது. 1992-லேயே சட்டம் போட்டு, 2003-இல் அதை இறுக்கி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டப்பா உணவுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். விளம்பரம் இல்லாமலே நாம் வாங்குகிறோம், சொந்தக்காரர்களே விளம்பரம்! 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் விற்கும் செர்லாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்த சர்க்கரை இருப்பதாகவும், ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அதே கம்பெனி அதைச் சேர்ப்பதில்லை என்றும் இருந்தது. ஐந்து வருஷத்தில் 30 விழுக்காடு வரை குறைத்திருக்கிறோம் என்றது நெஸ்லே. அப்புறம் சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளையும் கொண்டுவந்தது. கேட்டால் குறைகிறது பாருங்கள். கேட்காதவரை குறையாது என்பதும் இதிலேயே இருக்கிறது.

இதற்கிடையில், அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவை மாட்டுத் தொட்டியில் கரைத்து ஊற்றுகிற வீடுகளையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாடு கொழுகொழுவென்று இருக்கிறது.

பழச்சாறு கதையும் இதுவேதான். மாம்பழம் வழிகிற படம் போட்ட பாக்கெட்டைத் திருப்பினால் பழக்கூழ் எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்கும். ‘ஃப்ரூட் டிரிங்க்’ என்று பேர் வைக்கப் பத்து விழுக்காடு பழம் இருந்தாலே போதும், மீதி தண்ணீரும் சர்க்கரையும். கூழில் தண்ணீர் கலந்து திரும்பச் செய்த சாற்றை ‘100 விழுக்காடு பழச்சாறு’ என்று போடக் கூடாது என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்ல வேண்டியதாயிற்று.

‘பின்பக்கம் இங்கிலீஷில் இருக்குதே, நாங்க என்ன செய்ய?’ என்று ஒரு அம்மா கேட்டால், அவர்மேல் எனக்குக் கோபம் வராது. ஆசை காட்டுவதெல்லாம் தமிழில், அதுவும் நம் நடிகர்கள் குரலில். உள்ளே இருப்பதைச் சொல்வது மட்டும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும், மற்ற மொழி கம்பெனி விருப்பம் என்பதுதான் இன்றைய லேபிள் விதி. இலங்கையில் 2016 ஆகஸ்டிலிருந்து பாட்டில் பானங்களுக்கு சிக்னல் விளக்கு மாதிரி நிறம் போடுகிறார்கள். 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2-க்குக் கீழே பச்சை. யாழ்ப்பாணத்தில் எழுத்தே தெரியாத பாட்டிகூடச் சிவப்பைப் பார்த்துப் பேரன் கையிலிருந்து பிடுங்கிவிடலாம். இங்கே 2022 செப்டம்பரில் நட்சத்திர மதிப்பெண் என்று ஒரு வரைவு போட்டார்கள், பேச்சு நீண்டுகொண்டே போகிறது. ஆனால் என் கோபம் நம்மில் படித்தவர்கள்மேல்தான். பிள்ளை இங்கிலீஷில் பேச வேண்டும் என்று லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுகிறோம். அந்தப் பிள்ளையையே கடையில் நிறுத்தி, ‘இதை வாசிச்சுக் காட்டு கண்ணு’ என்று ஒரு தடவையாவது கேட்டோமா?

‘ஒத்தை ஆள் கேட்டு என்ன ஆகப்போகிறது’ என்பவர்களுக்கு ஒரு பிஸ்கட் கதை. கதை இல்லை, தீர்ப்பு. சென்னை மணலியில் ஒருவர் 2021 டிசம்பரில் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பாக்கெட் வாங்கினார். அட்டையில் 16 பிஸ்கட் என்று இருந்தது. எண்ணினார், 15. நாமாக இருந்தால் சிரித்துவிட்டு டீயில் நனைத்திருப்போம். அவர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நாங்கள் எடைக்கணக்கில் விற்கிறோம், எண்ணிக்கைக் கணக்கில் அல்ல என்றது ஐ.டி.சி. எடை போட்டுப் பார்த்தால் 76 கிராம் இருக்க வேண்டிய பாக்கெட் 74 கிராம்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அந்த மனிதருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும், அந்தத் தொகுதி பிஸ்கட் விற்பனையை நிறுத்த வேண்டும் என்று. ஒரு பிஸ்கட்டின் விலை சில்லறைக் காசு, அவர் கேட்டது நாணயத்தைப் பற்றிய கேள்வி.

திருவள்ளூரில் இருப்பதுபோல நம் மாவட்டத்துக்கும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், பில் கையில் இருக்க வேண்டும். அந்தப் பில்லைத்தானே கடை வாசலிலேயே கசக்கி எறிகிறோம்? அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன். பட்டா மாற்றம் இழுத்தால் திங்கட்கிழமை மனுவோடு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்கத் தெரிகிறதல்லவா நமக்கு? பிள்ளைக்காக ஒரு போன் செய்ய என்ன கூச்சம்?

சத்துக்கு வழி என்ன என்று கேட்கிறவர்களுக்கு, நாம் இருப்பது எந்த ஜில்லாவில் என்று நினைவூட்டுகிறேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற மண் இது. நூறு கிராம் மல்லாட்டையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். வேகவைத்து ஒரு கைப்பிடி கொடுத்தால் எந்த டப்பாவும் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு முட்டையில் 6 கிராம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை கிடைக்கிறது. நாம் ஃபீஸ் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்பி, அந்த முட்டையை இழந்து, அதற்குப் பதிலாக டப்பா வாங்கிக் கொடுத்து, ‘என் பிள்ளைக்கு எல்லாம் பெஸ்ட்’ என்று பெருமைப்படுகிறோம்! கேழ்வரகு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை என்று அடுக்கிக்கொண்டே போனால் ‘தெரிந்த கதை’ என்பீர்கள். தெரிந்த கதைதான். ஆனால் அதற்கு நடிகர் யாரும் வந்து நடிப்பதில்லை, அதனால் மதிப்பில்லை.

ஆகவே இந்த மாதம் மூன்று காரியம் செய்யுங்கள். கடையில் எதை எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள், முதல் மூன்று பெயரில் சர்க்கரை இருந்தால் அதை மிட்டாய் என்ற கணக்கில் மட்டும் வாங்குங்கள். பில்லைக் கிழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவது, பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பாக்கெட் தீனியைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது, விளம்பரப்படுத்தவும் கூடாது என்று 2020-இலேயே விதி போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டப் போகிற நாம் வண்டியை நிறுத்துகிற இடம் அந்த 50 மீட்டருக்குள். அங்கே தொங்குகிற சரத்திலிருந்துதான் தினமும் ஒன்றைக் கிழித்துப் பிள்ளை கையில் கொடுக்கிறோம். விளையாட்டு விழாவுக்குப் பான கம்பெனி பேனர் கட்டினால் கீழே நின்று போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம்.

அந்த விதி நம் பள்ளியில் நடப்பில் இருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டாக வேண்டும். மார்க்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கலைகிற கூட்டமாக அது இருக்கக் கூடாது. நீங்கள் கேட்கிறீர்களா, நான் கேட்கட்டுமா? நான் கேட்டால் பக்கத்தில் எழுந்து நிற்கவாவது செய்யுங்கள்.